மூன்று முழம் சமத்துவம்

முன்பல் ஒன்று விழுந்தவன் வாயைத் திறந்து சிரித்தால் எப்படி இருக்கும்? நெடுங்கரைக் கண்மாயின் கரை அப்படித்தான் இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் யானை முதுகு மாதிரி மேடேறிக் கிடந்த கரையில், நட்டநடுவில் மூன்று முழ அகலத்துக்கு மட்டும் ஒரு பள்ளம். ஜெகபர் அலி வாங்கிய வயல் அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே இருந்தது.

வாங்குகிற அன்றைக்கு அவர் பள்ளத்தைப் பார்க்கவில்லை, விலையைத்தான் பார்த்தார். கொழும்பில் தலை நரைக்கிற வரைக்கும் யாரோ ஒருவன் கடையில் துணி கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய மனுசன். அவர் மனைவி சாரா உம்மாள் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி அவர் கையில் வைத்து, "நம்ம நெல்லுல ஒரு நாளாச்சும் சோறு வடிக்கணுங்க" என்றாள். கரையடி வயல், தண்ணீர் முதலில் பாய்கிற வயல், இவ்வளவு சகாயமாக யார் கொடுப்பார்கள்? அல்லா கொடுத்தது என்று நினைத்துக்கொண்டார்.

யார் கொடுத்தது என்று கோடையில் விளங்கியது.

தண்ணீர் வற்றியதும் எல்லோரும் கண்மாய்க்குள் இறங்கி மண் வெட்டிக் கரைமேல் போடுவது அங்கே வழக்கம். வடகோடியிலிருந்து ஊர்க்காரர்கள் போட்டுக்கொண்டு வந்தார்கள். தென்கோடியிலிருந்து சேரிக்காரர்கள் போட்டுக்கொண்டு வந்தார்கள். நல்ல உழைப்பாளிகள், இரண்டு பக்கமும். நடுவில் நெருங்கியதும் எதிரே சுவர் எழும்பியது போல நின்றுவிட்டார்கள். கூடையோடு கூடை இடித்துவிடக் கூடாது, கையோடு கை பட்டுவிடக் கூடாது என்று மூன்று முழம் விட்டுவிட்டு, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இப்படியே வருசா வருசம் இரண்டு பக்கமும் உயர்ந்தது, நடு மட்டும் பழைய உயரத்திலேயே கிடந்தது. சமஸ்தானம் இருந்த காலத்தில் அரண்மனை ஆட்கள் மண்வேலை செய்கிற வெளியூர் ஒட்டர்களைக் கூட்டிவந்து அந்த நடுவை நிரப்பிவிட்டுப் போவார்களாம். சமஸ்தானம் போயிற்று. ஒட்டர்களும் வரவில்லை. சுதந்திரம் வந்து பள்ளம் மிஞ்சியது.

ஜெகபர் அலி நேரே பஞ்சாயத்துத் தலைவர் கண்ணுசாமியிடம் போனார்.

"அந்த நடுப்பள்ளத்துல நாலு கூடை மண்ணப் போட்டா என்னங்க?"

கண்ணுசாமி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "போடலாம் ராவுத்தரே, தாராளமாப் போடலாம். ஆனா அது எங்க பங்கு இல்லையே."

"அப்ப சேரிக்காரங்க பங்கா?"

"அவிங்க பங்குன்னு நான் சொன்னேனா? அவன் அங்க மண்ணு போட்டா எங்க கரையத் தொட்டுப்புடுவான்ல?"

"பின்ன யாரு பங்குதாங்க அது?"

"அது பங்கே இல்லைங்கிறேன். எடவெளி. எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேர்ந்து இருக்கு." சொல்லும்போது அவர் குரலில், ஊர்த் தேரைப் பற்றிச் சொல்லுகிற பெருமை இருந்தது.

"பெருமழை வந்தா அது வழியாத்தான ஒடையும்? ஒங்க வயலும் கீழதான இருக்கு?"

"இருக்கு. எல்லாரு வயலும்தான் இருக்கு. கரை ஒடைஞ்சா அடைச்சுக்கலாம் ராவுத்தரே. ஊர்க் கட்டுப்பாடு ஒடைஞ்சா அடைக்க முடியுமா?"

பள்ளத்துக்குத் தெற்கே, மடைக்குப் பக்கத்தில் ராக்கன் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். கண்மாய்க்கு மடை திறக்கிறவன் அவன்தான். கழுத்தளவுத் தண்ணீரில் முங்கி மடைக்கட்டையை உருவிவிட்டு வருவான். அந்தத் தண்ணீர் எல்லோர் வயலுக்கும் பாயும், அதில் தீட்டுக் கிடையாது. முங்கினவன் கரையேறி நின்றால்தான் தீட்டு.

"நெரப்புறதுக்கு என்ன ராவுத்தரய்யா? நானும் முனியாயியும் ஒரு பகல்ல நெரப்பிப்புடுவோம்" என்றான். முனியாயி அவன் பெண்சாதி. "எங்கண்ணன் ஒரு வருசம் அதுல ஒரே ஒரு கூடை போட்டான். அந்தக் கூடையிலயே மண்ண அள்ளித் தலையில வச்சு, உச்சி வெயில்ல ஊர்ப் பொட்டல்ல நிக்க வச்சாங்க. சாயங்காலம் வரைக்கும். மறுநா ஊர விட்டுப் போனவன்தான். செலோன்ல தேயிலைக் காட்டுல இருக்கான்னு யாரோ சொன்னாங்க. நீங்க கொழும்புல எங்கயாச்சும் பாத்தீங்களா?"

"பாக்கலையே ராக்கா."

"கூடை மட்டும் வீட்டுல கெடக்குது" என்றான் ராக்கன். பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டான்.

ஜெகபர் அலி யோசித்துப் பார்த்தார். தான் ஊரும் இல்லை, சேரியும் இல்லை. தானே போட்டுவிட்டால் யாருக்கு என்ன? மறுபடியும் கண்ணுசாமியிடம் போய்க் கேட்டார். கண்ணுசாமி நல்ல மனுசர், உடனே கூட்டம் கூட்டிவிட்டார்.

"ராவுத்தரு போடுறதுல ஆட்சேபணையே இல்ல. மண்ணு எங்கிட்டு வெட்டுவீங்க?"

"கண்மாய்க்குள்ளதாங்க."

"வடக்குப் பக்கமா, தெக்குப் பக்கமா?"

"எங்கிட்டு வெட்டுனா என்னங்க, மண்ணுதானே?"

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் இரக்கத்தோடு அவரைப் பார்த்தார்கள். கண்ணுசாமி பொறுமையாக விளக்கினார். "வடக்க வெட்டுனா எங்க மண்ணு போயி அவிங்க கரையில ஒட்டும். தெக்க வெட்டுனா அவிங்க மண்ணு வந்து எங்க கரையில ஒட்டும். ரெண்டும் ஆகாது."

"சரி, நடுவுல வெட்டுறேன்."

"வெட்டுங்களேன், யாரு வேணாங்கிறா? நடுவுல பாறை."

வீட்டுக்கு வந்து சொன்னபோது சாரா உம்மாள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மணையை விட்டு எழாமலே சொன்னாள். "கவர்மெண்டுகிட்டப் போங்க. அவங்களுக்குத்தான் வடக்கும் கெடையாது, தெக்கும் கெடையாதே."

நெடுங்கரை வட்டார வளர்ச்சி ஆபீசில் பெரிய நாற்காலியில் இருந்தவர் பெயர் ரெங்கசாமி. கதர்ச் சட்டை, மூக்குக்கண்ணாடி, மேசைமேல் காந்தி படம். ஜெகபர் அலி பள்ளத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஊரும் சேரியும் சேந்து மண்ணு போடாததால வந்த பள்ளமா? பாய், இத்தன நாளு எங்கய்யா இருந்தீங்க? தீண்டாமை ஒழிப்பு வாரம் வருது. என்ன புரோகிராம் போடுறதுன்னு தலையப் பிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

"போன வருசம் என்ன செஞ்சீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டார் ஜெகபர் அலி.

"சமபந்தி போஜனம். பிரமாதமா நடந்துச்சு. அவங்களுக்குத் தனிப் பந்தல், தனிச் சமையல், தனி எலை. ஆனா ஒரே நேரம்! பாத்துக்கங்க, மணி அடிச்சதும் ரெண்டு பந்தல்லயும் ஒரே நேரத்துல வாயில சோறு போச்சு."

ஜெகபர் அலிக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் பள்ளம் அடைபட்டால் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

நிகழ்ச்சிக்குச் சமத்துவச் சிரமதானம் என்று பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கையாக மண்கூடை வந்து, பள்ளத்தைத் தாண்டிச் சேரிக்காரர் கைக்குப் போக வேண்டும். அதுதான் திட்டம். ஒத்திகையில் கூடை வடக்கேயிருந்து விறுவிறுவென்று வந்தது. பள்ளத்தின் ஓரத்தில் கண்ணுசாமி கையில் வந்து நின்றது. எதிரே ராக்கன் கையை நீட்டினான். கண்ணுசாமி கூடையோடு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "முதுகு புடிச்சுக்கிச்சு" என்றார்.

அவருக்குப் பின்னால் இருந்த அத்தனை பேருக்கும் முதுகு பிடித்துக்கொண்டது.

ரெங்கசாமி அசரவில்லை. ஆபீசிலிருந்து ஒரு மரப்பலகை வந்தது. நான்கு கால், மூன்று முழ நீளம், பச்சைப் பெயிண்டு. பள்ளத்தில் அளந்து போட்டது போலப் பொருந்தியது. ஊர்க்காரர் கூடையைப் பலகையில் வைப்பார், சேரிக்காரர் எடுத்துக்கொள்வார். யாரும் யாரையும் தொட வேண்டாம்.

"பலகை மரமாச்சேங்க" என்றார் கண்ணுசாமி. "அந்தக் கோடியில அவன் தொட்டா இந்தக் கோடிக்குத் தீட்டு ஓடியாந்துராது?"

இதற்கும் ஆபீசில் வழி இருந்தது. எல்லோர் கண்ணும் ஜெகபர் அலி மேல் திரும்பியது. பலகையின் வடக்கு ஓரத்தில் வைக்கிற கூடையைத் தெற்கு ஓரத்துக்கு அவர் எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"என்னத் தொட்டா பரவாயில்லையாங்க?" என்று கேட்டார் ஜெகபர் அலி.

"நீங்க என்ன ராவுத்தரே, நம்ம ஆளு" என்றார் கண்ணுசாமி.

"ராவுத்தரய்யா எங்காளுதானே" என்றான் ராக்கன்.

வாழ்நாளில் அவர் அப்படியொரு தனிமையை உணர்ந்ததில்லை.

விழா அன்றைக்குத் திருச்சியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி காரில் வந்தார். பள்ளத்தில் சிமெண்டு போட்டுப் பலகையின் கால்களை இறுக்கியிருந்தார்கள், சமத்துவம் ஆடக் கூடாது என்று. பெரிய அதிகாரி பூச்சுற்றிய கூடையைத் தொட்டுத் தொடங்கிவைத்தார். கூடைகள் வந்தன. கண்ணுசாமி வைத்தார், ஜெகபர் அலி நகர்த்தினார், ராக்கன் எடுத்தான். காலிக் கூடைகள் மட்டும் திரும்பி வரவில்லை. சேரிக்குப் போன கூடையை ஊரில் யார் தொடுவார்கள்? கூடை தீர்ந்ததும் சிரமதானம் இனிதே முடிந்தது.

பெரிய அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே, பெரியோர்களே, சற்றுத் தள்ளி நிற்கும் ஹரிஜன சகோதரர்களே! தீண்டாமை என்றால் என்ன? தொடாமல் இருப்பது. இன்றைக்கு இங்கே என்ன கண்டோம்? ஊர்ப் பெரியவர் பலகையைத் தொட்டார். ஹரிஜன சகோதரரும் தொட்டார். ஒரே பலகை! இரண்டு பலகை போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்று நண்பர் ரெங்கசாமி சொன்னபோது என் கண்கள் கலங்கிவிட்டன. நடுவிலே ஒரு முஸ்லிம் அன்பர் வேறு. இதற்கு மேல் ஒரு தேசத்துக்கு என்ன வேண்டும்? நாம் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது. பலகை இருக்கிறது. காலம் இருக்கிறது."

கைதட்டல் அடங்கியதும் ஜெகபர் அலி கீழே குனிந்து பார்த்தார். வடக்கே வெட்டிய மண்ணெல்லாம் தெற்கே போய், யார் கரையிலும் ஒட்டாமல் தனியாகக் குவிந்திருந்தது. பள்ளத்துக்குள் விழுந்தது பெரிய அதிகாரியின் மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ்கள் மட்டும்தான்.

"அய்யா, பள்ளத்துல மண்ணே போடலையே?" என்று ரெங்கசாமியின் காதோரம் சொன்னார்.

"சமத்துவத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம். நீங்க மண்ணப் பத்திப் பேசுறீங்களே பாய்" என்று ரெங்கசாமி வருத்தப்பட்டார்.

மறுநாளே மண்வெட்டியோடு போனவரை, வளர்ச்சி ஆபீசின் கிராம சேவக் தடுத்தான். காக்கி அரைக்கால் சட்டை போட்ட, நல்ல சுறுசுறுப்பான ஆள். பள்ளத்தை நிரப்பினால் பலகை புதைந்துவிடும், பலகை இப்போது சர்க்கார் சொத்து, அதன்மேல் மண் போட்டால் கேஸ் ஆகிவிடும் என்று அன்பாக எடுத்துச் சொன்னான். நேற்றுவரைக்கும் அந்தப் பள்ளம் யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்தது. இன்றைக்கு அதற்குக் காவல் வந்துவிட்டது.

பேப்பரில் படம் வந்தது. அதற்குப் பிறகு சித்தன்னவாசல் குகைச் சித்திரம் பார்க்க வருகிற பெரிய மனிதர்களை, அப்படியே நெடுங்கரைக்கும் கூட்டிவர ஆரம்பித்தார் ரெங்கசாமி. அங்கே பழமை பார்த்துவிட்டு இங்கே புதுமை பார்க்க வேண்டுமாம். ஜீப்பு ஹாரன் கேட்டால் கண்ணுசாமி உழவை விட்டுவிட்டு வடக்கே வந்து நிற்க வேண்டும், ராக்கன் மடையை விட்டுவிட்டுத் தெற்கே வந்து நிற்க வேண்டும், ஜெகபர் அலி நடுவில். அதே கூடை, அதே மண். வந்தவர்கள் பார்த்துக் கண் கலங்கிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போவார்கள். நாற்றுப் பறிக்கிற நாளில்கூட விடவில்லை.

"வரப்பு வெட்டட்டா, இல்ல சமத்துவத்துக்கு வரட்டா? ஒண்ணச் சொல்லுங்க ராவுத்தரய்யா" என்று ராக்கன் கத்துவான்.

"எனக்கு மட்டும் என்னடா, ஆறு மா வயலு ஒழுங்கா ஒழவு காணாமக் கெடக்கு!" என்று இந்தப் பக்கமிருந்து கண்ணுசாமி கத்துவார். அந்தக் கண்மாய்க் கரையில் இரண்டு பேரும் ஒரே குரலில் அலுத்துக்கொண்டது அந்த ஒரு விசயத்துக்குத்தான்.

பட்டுப்புடவை கட்டிய ஒரு மாதர் சங்கத் தலைவி, பலகை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வருசத் திட்டத்தில் ஐந்து முழப் பலகை சேர்ந்துவிட்டது. ஐந்து முழப் பலகைக்கு ஐந்து முழப் பள்ளம் வேண்டுமே? இரண்டு பக்கக் கரையிலும் ஒரு முழம் வெட்டியெடுக்கத் தீர்மானம் ஆயிற்று. அவரவர் கரையை அவரவர் வெட்டுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. வெட்டுவதற்குள் மழை முந்திக்கொண்டது.

கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மூன்று நாள் விடாத மழை. சாரா உம்மாள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய், ஒரு கதிரை நசுக்கிப் பார்த்தாள். விரலில் பால் ஒட்டியது. "பால் புடிச்சிருச்சுங்க. இன்னும் கொஞ்ச நா தாங்கிருச்சுன்னாப் போதும்" என்றாள். ஜெகபர் அலி கதிரைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைப் பலகையின் கால்களுக்கு நடுவே தண்ணீர் எட்டிப் பார்த்தது.

அவர் போட்ட சத்தத்தில் ஊரும் ஓடிவந்தது, சேரியும் ஓடிவந்தது. ஊர் வடகரையில் ஏறியது. சேரி தென்கரையில் ஏறியது. இரண்டு பக்கத்திலும் கூடை கூடையாக மண் தயார். நடுவில் பலகை.

"மொதல்ல அதப் புடுங்குங்கய்யா!" என்று ஜெகபர் அலி ஒரு காலைப் பிடித்து இழுத்தார். சிமெண்டு நல்ல சிமெண்டு.

"ஆபீசர் ஆர்டர் இல்லாம எடுக்கக் கூடாது!" என்று கிராம சேவக் குடையோடு கத்தினான். பிறகு அவனே பயந்துபோய், ஆர்டர் வாங்கச் சைக்கிளில் ஏறிப் போனான்.

மடையை முழுக்கத் திறந்துவிட்டு ஈரம் சொட்ட ஓடிவந்த ராக்கன் யாரையும் கேட்கவில்லை. பள்ளத்துக்குள் குதித்து, தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து, பலகையின் இரண்டு கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் சற்றே மட்டுப்பட்டது.

"மண்ணப் போடுங்க! என்னச் சுத்திப் போடுங்க!"

தெற்கேயிருந்து முனியாயியும் மற்றவர்களும் கொட்டினார்கள். தெற்குப் பக்கம் அடைபட்டது. தண்ணீர் வடக்குப் பக்கமாகத் திரும்பி அரித்தது. வடக்கே எல்லோரும் கூடையைத் தலையில் வைத்தபடி நின்றார்கள்.

"போடுங்களேய்யா!" என்று ஜெகபர் அலி அலறினார்.

"எப்படிப் போடுறது? அவன் உள்ள உக்காந்திருக்கான், கொட்டுனா மேல படும்ல?" என்றார் கண்ணுசாமி. அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. "அவன வெளிய வரச் சொல்லுங்க, நாங்க ஒரு நிமிசத்துல அடைச்சுப்புடுறோம்!"

"அவரு வெளிய வந்தா கரை போயிரும் சாமி!" என்று முனியாயி கத்தினாள்.

"அப்பக் கொஞ்சம் தெக்க ஒதுங்கி உக்காரச் சொல்லு!"

வடக்குக் கரை ஓரம் சோற்றுருண்டை போலக் கரைந்தது. பலகையின் வடக்குக் கால்கள் பெயர்ந்தன. ராக்கன் அந்தப் பக்கம் சரிந்தான். தெற்கேயிருந்து கை எட்டவில்லை. ஜெகபர் அலி பலகையில் குப்புறப் படுத்து அவன் சட்டையைப் பிடித்தார், நைந்த சட்டை கிழிந்து கையோடு வந்துவிட்டது. ராக்கனுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தவர் கண்ணுசாமி ஒருவர்தான்.

"சாமி, கையக் குடுங்க!" என்று கத்தினான் ராக்கன்.

கண்ணுசாமி குனிந்தார். ஜெகபர் அலி பார்த்தார், அந்தக் கை நீண்டது. சந்தேகமே இல்லை, நீண்டது. பாதி தூரத்தில் நின்றது. கண்ணுசாமி சட்டென்று தோளிலிருந்த துண்டை உருவி அதன் நுனியை வீசினார். ராக்கன் துண்டைப் பிடித்தான். துண்டு கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு கண்ணுசாமி கையில் பாதித் துண்டு இருந்தது.

கரை போன சத்தம் குளத்தூர் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், ஊர் வயல் எது, சேரி வயல் எது, ராவுத்தர் வயல் எது என்று சொல்ல முடியாமல் முழங்கால் அளவுக்கு மணல். கண்ணுசாமியின் உழவுமாடு இரண்டும் போயின. சேரியில் ஒரு குடிசையும் நிற்கவில்லை. ராக்கன், ஜெகபர் அலியின் வயலில்தான் கிடந்தான். கையில் துண்டின் மறுபாதி இருந்தது, பிரிக்க முடியவில்லை. அப்படியே தூக்கினார்கள். ஜெகபர் அலி ஒரு பக்கம் தோள் கொடுத்தார். சாரா உம்மாள் மணலைக் கிளறி ஒரு கதிரை எடுத்து, அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப மணலிலேயே வைத்தாள்.

பலகைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மிதந்து மிதந்து மூன்று ஊர் தள்ளி ஒதுங்கியிருந்தது. சர்க்கார் சொத்து என்று மாட்டுவண்டியில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ரெங்கசாமி நேரில் வந்து கஞ்சி ஊற்றினார். ஊருக்கு ஒரு வரிசை, சேரிக்கு ஒரு வரிசை, நடுவில் மூன்று முழம். ஈரத் துணியோடு நின்றவர்களிடம் அவர் பேசினார்.

"நண்பர்களே, இந்த வெள்ளத்தைப் பாருங்கள்! அது பேதம் பார்த்ததா? உயர்ந்தவர் வயல், தாழ்ந்தவர் வயல் என்று ஒதுக்கியதா? எல்லாவற்றையும் சமமாக அழித்ததே! இயற்கைக்கு இருக்கும் பெருந்தன்மை மனிதனுக்கு வர வேண்டும். அது வரும்வரையில், தயவுசெய்து வரிசை கலையாமல் வாங்கிக்கொள்ளுங்கள்."

செத்தவன் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டென்று சொன்னார்களே என்று, ஜெகபர் அலி முனியாயியைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

"கண்டிப்பா உண்டு" என்றார் ரெங்கசாமி. "எந்தப் பங்குல வேலை பாக்கும்போது செத்தாரு? ஊர்ப் பங்கா, சேரிப் பங்கா?"

"நடுவுலங்க."

"நடுவு யாரு பங்கும் இல்லையே பாய்? அங்க அவருக்கு வேலையே கெடையாதே. அனுமதி இல்லாத எடத்துக்குப் போயிருக்காரு." உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். அவர் மோசமான மனுசர் கிடையாது, ஏதாவது செய்யத்தான் நினைத்தார். "ஒண்ணு செய்யலாம். பலகைக்கு அவரு பேர வச்சிருவோம்."

வைத்தார்கள். தை மாதத்தில் விழா. கரை கட்டுகிற எஸ்டிமேட் இன்னும் ஏதோ ஒரு மேசையில் இருந்தது, பலகைக்குப் பெயிண்டு மட்டும் வந்துவிட்டது. உடைப்பு இப்போது தெரு அகலத்துக்கு இருந்தது. அதன் நடுவில், மணலில் பலகையைப் போட்டு, 'ராக்கன் நினைவுச் சமத்துவப் பலகை' என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தார்கள். வடக்கே ஊர் நின்றது. தெற்கே சேரி நின்றது. கண்ணுசாமி தோளில் துண்டு இல்லை. வெள்ளத்துக்கப்புறம் அவர் துண்டு போடுவதே இல்லை என்று சொன்னார்கள். ஜெகபர் அலியை வழக்கம்போல நடுவில் நிற்க வைத்தார்கள்.

முனியாயி கையில் கொடுக்கப் பூச்சுற்றிய கூடை தயாராக இருந்தது. அவளோ ராக்கனின் அண்ணன் விட்டுப்போன கூடையை, வெள்ளத்துக்குத் தப்பியதை, கொண்டுவந்திருந்தாள். ஓரம் நைந்த, பழைய கூடை. நிறைய மண்.

"அதுவும் நல்லாத்தான் இருக்கு, இயற்கையா இருக்கு" என்றார் ரெங்கசாமி. "ஒண்ணுமில்லம்மா, நடந்து வந்து இந்தப் பலகையில வைக்கணும். இந்த வருசம் ஒங்க பக்கத்துலேர்ந்து அங்கிட்டுப் போகுது. எவ்வளவு பெரிய முன்னேற்றம் பாத்தீங்களா?"

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். முனியாயி நடந்து வந்தாள். பலகைக்கு எதிரே நின்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, இருந்தாலும் அந்த வெள்ளை எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பலகையைச் சுற்றிக்கொண்டு அப்பால் போய், உடைப்பின் ஆழமான இடத்தில், குழம்பிக் கிடந்த தண்ணீருக்குள் கூடையைக் கவிழ்த்தாள். மண் விழுந்த இடம் தெரியவில்லை.

"அம்மா! அங்க இல்லம்மா! பலகையில வைக்கணும்!"

முனியாயி திரும்பினாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, புரியாமல்தான் கேட்டாள். "மண்ணு இல்லாதது இங்கதானுங்களே?"

கண்ணுசாமி தன் வலது கையைப் பார்த்தபடி நின்றார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"மறுபடி மொதல்லேர்ந்து எடுத்துக்கலாம்" என்றார் ரெங்கசாமி. "பாய், நீங்க எடத்துல நில்லுங்க. பாய்? எங்க போறீங்க?"

ஜெகபர் அலி நடுவை விட்டு இறங்கிப் போய், முனியாயியின் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு, கண்மாய்க்குள் இறங்கினார். வடக்கா தெற்கா என்று பார்க்கவில்லை. விழாவுக்கென்று வைத்திருந்த மண்வெட்டியால் காலடியில் கிடந்ததை வெட்டினார். அவர் ஒரு ஆள் வெட்ட, அவள் ஒரு ஆள் சுமந்தாள். உடைப்பு தெரு அகலத்துக்கு அப்படியே இருந்தது. இரண்டு கரையிலும் ஊரும் சேரியும் வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

வெயில் போய்விடும் என்று போட்டோக்காரர் அவசரப்பட்டார். இருந்ததை வைத்து ஒரு படம் எடுத்தார். மறுநாள் பேப்பரில் வந்தது. பலகை மிகத் தெளிவாக விழுந்திருந்தது, பெயரைக்கூட வாசிக்க முடிந்தது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை.